ஒரு சாலையில் இரு விடுதிகள்

வழிப்போக்கனுக்கு இடங்கொடுத்தல் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றிய செயலாகும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இராமேசுவரம் நோக்கி நடந்த யாத்திரிகர் இளைப்பாறத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பினர். இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தம்பாள் சத்திரம் அவ்வறத்திற்குச் சான்றாக நிற்கிறது. அச்சத்திரங்களிலும் சாதி பார்த்தே பந்தி விரித்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் களைத்து வந்தவனிடம் காசு கேட்கலாகாது என்னும் கொள்கை அவற்றின் அடித்தளமாக இருந்தது.

சத்திரமாயினும் தங்கும் விடுதியாயினும் அதனைப் பிறப்பிப்பது வழியே. வழி விலகினால் விடுதி வாடும். வழி திரும்பினால் விடுதி தளிர்க்கும். அமெரிக்காவில் 1925ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் ஊரில், மோட்டார் வண்டியில் வருவோர்க்கென ஒரு விடுதி எழுந்தது. ‘மோட்டார்’, ‘ஹோட்டல்’ என்னும் இரு சொற்களை ஒட்டி ‘மோட்டல்’ என அதற்குப் பெயரிட்டனர். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்நாட்டுச் சாலையோரமெங்கும் மோட்டல்களும் உணவகங்களும் மலிந்தன. பின்னர் 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் அகன்ற நெடுஞ்சாலைகள் பிறந்தன. அவை ஊர்களைத் தொடாமல் ஓடின. பழைய சாலைகளை நம்பியிருந்த விடுதிகள் ஒவ்வொன்றாக விளக்கணைத்தன. புகழ்பெற்ற 66ஆம் எண் சாலையே 1985ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இத்தகைய ஏற்றத்தாழ்வைக் காண அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில், முன்னர் விக்டோரி அவென்யூ என்றும் இன்று ஜாலான் சுல்தான் ஹிஷாமுடின் என்றும் வழங்கும் சாலையில், இரண்டு பழைய விடுதிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று இரயில் நிலையத்தின் மேல்மாடங்களில் இயங்கிய ஸ்டேஷன் ஹோட்டல். மற்றொன்று மெஜஸ்டிக் ஹோட்டல். ஒரே சாலையில், ஒரே பயணிகளை நம்பித் தொழில் செய்த இவ்விரண்டும் அடைந்த கதி வெவ்வேறு. அவ்வேறுபாட்டில் இந்நகரத்தின் வரலாறும், அந்நகரத்தில் உழைத்த தமிழரின் வரலாறும் பொதிந்து கிடக்கின்றன.

முதலில் வந்தது இரயில். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் மறுகரையிலுள்ள புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதல் இருப்புப் பாதை 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் ஆற்றுக்குப் பாலம் அமைந்து, பாதை கிள்ளான் நகரை எட்டியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபின், கடல் கடந்து வந்தோர் கப்பலை விட்டு இறங்கி, இரயிலேறித் தலைநகர் சேர்வது எளிதாயிற்று. ஈயமும் இரப்பரும் துறைமுகம் நோக்கிச் சென்றன. அவற்றைத் தோண்டவும் சீவவும் வேண்டிய மனிதர் துறைமுகத்திலிருந்து வந்தனர்.

பெருகிய போக்குவரத்திற்கேற்ப 1910ஆம் ஆண்டில் புதிய நிலையம் எழுந்தது. பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஆர்தர் பெனிசன் ஹப்பக் அதனை வரைந்தார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்திலுள்ள ஜாமெக் பள்ளிவாசலும் அவர் வரைந்ததே. குமிழ் மாடங்களும் வளைவு வாயில்களும் நீண்ட தாழ்வாரங்களும் கொண்ட அந்த இந்தோ-சாரசனிக் பாணி, தமிழகத்திலிருந்து வந்தோர்க்குப் புதியதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தையும், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தையும் பார்த்துவிட்டுக் கப்பலேறியவன், கோலாலம்பூரில் இறங்கியதும் அவற்றின் உடன்பிறப்பைக் கண்டு ஒரு கணம் திகைத்திருப்பான். கடலைக் கடந்தும் ஆள்வோர் ஒருவரே என்பதைக் கட்டடங்களே அவனுக்குச் சொல்லியிருக்கும்.

அந்நிலையத்தின் மேல்மாடங்களே ஸ்டேஷன் ஹோட்டலாக அமைந்தன. இரவு வண்டியில் வந்திறங்கும் துரைமார் மழையில் நனையாமல், வீதியில் கால் வைக்காமல், தம் அறைக்குச் செல்ல வகை செய்யப்பட்டது. உயர்ந்த கூரை, அகன்ற அறை, கம்பிக் கதவு கொண்ட மின்தூக்கி, வெள்ளை விரிப்பிட்ட உணவு மேசை ஆகியவை அவ்விடுதியின் அடையாளங்களாயின. மலாயாவில் இத்தகைய விடுதிகளின் சமையற்கட்டுகள் பெரும்பாலும் ஹைனான் சீனர் கையில் இருந்தன. வெள்ளையரின் பண்டத்தைத் தம் கைப்பக்குவத்தில் மாற்றி அவர்கள் படைத்த ‘சிக்கன் சாப்’ இந்நாட்டின் உணவாகவே ஆகிவிட்டது. சிற்றூர்களில் அரசு நடத்திய ஓய்வு விடுதிகளிலும் இதே கைமணந்தான். ஆட்சி போய்விட்டது, அந்தக் குழம்பின் சுவை மட்டும் நாட்டை விட்டுப் போகவில்லை.

மேலே இப்படியிருக்கக் கீழே நிலைமை வேறு. நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. நகரத்திற்குச் செங்கல் அறுத்துத் தந்ததால் அப்பெயர் பெற்ற அவ்வட்டாரம், இரயில்வேயின் வருகையால் தொழிலாளர் குடியிருப்பாக மாறிற்று. தண்டவாளம் பதித்தவரும், சரக்கு ஏற்றியவரும், கொடி காட்டியவரும் தமிழகத்துத் தமிழர். பயணச்சீட்டு எழுதியவரும் கணக்குப் பார்த்தவரும் நிலைய அதிகாரிகளாய் அமர்ந்தவரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர். ‘கிராணி’ என்னும் சொல் அந்நாளில் அலுவலகத்தாரைக் குறித்தது. அச்சொல்லில் மதிப்பும் இருந்தது, சிறிது இடைவெளியும் இருந்தது. 1905ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘நூறு வீடுகள்’ வரிசையில் இரயில்வே ஊழியரும் பிற அரசு ஊழியரும் குடும்பங்களோடு வாழ்ந்தனர்.

இவர்களுள் எத்தனைபேர் ஸ்டேஷன் ஹோட்டலின் படியேறியிருப்பர்? பெட்டி தூக்கிச் சென்றவன் வாயில் வரை சென்றிருப்பான். துணி வெளுத்தவன் பின்வழியே சென்றிருப்பான். விருந்தினனாகச் சென்றவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த தமிழ்ப் பயணி வேறு நிழல்களைத் தேடிக்கொண்டான். செட்டியார்களுக்கு அம்பாங் வீதியில் கிட்டங்கி இருந்தது. மற்றவனுக்கு உறவினர் வீட்டுத் திண்ணை இருந்தது; அதுவும் இல்லையேல் கோயில் இருந்தது. தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயில் முதலில் இன்றைய பழைய நிலையத்தின் அருகிலேயே இருந்து, 1885இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது எனக் கோயில் வரலாறு கூறும். துரைமார் விடுதி எழுந்த அதே பகுதியில், அதற்கும் முன்பாகவே ஏழைத் தமிழனுக்கு ஓர் அடைக்கலம் இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மெஜஸ்டிக் ஹோட்டல் 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நிலையத்திற்கு எதிரே வெள்ளைவெளேரென நின்ற அக்கட்டடம் அக்காலத்து நாகரிகத்தின் முகவரியாயிற்று. மாலை விருந்தும் நடனமும் அங்கே நிகழ்ந்தன. ஆனால் அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பரின் விலை வீழ்ந்து கிடந்தது. 1930 முதல் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சாலையின் ஒருபுறம் புதிய விடுதியின் விளக்குகள். மறுபுறம் மூட்டையோடு துறைமுக வண்டிக்குக் காத்திருந்த மக்கள். ஒரு சாலையின் இருபுறத்திற்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்க முடியும்.

பின்னர் போர் வந்தது. 1942ஆம் ஆண்டு சனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். தெற்கிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் சென்ற வண்டிகளுக்குக் கோலாலம்பூரே வழி. போனவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. நிலையத்தின் மாடங்களைப் படமெடுத்து மகிழ்வோர், அவற்றின் கீழே ஓடிய தண்டவாளத்திற்கு இப்படியும் ஒரு நினைவு உண்டென்பதை அறிதல் வேண்டும்.

விடுதலைக்குப்பின் வழிகள் மாறத் தொடங்கின. 1957ஆம் ஆண்டு விடுதலை விழாவிற்கு வரும் விருந்தினரைத் தங்கவைக்க, லோ யாட் என்னும் தொழிலதிபர் புக்கிட் பிந்தாங்கில் பெடரல் ஹோட்டலைக் கட்டி, விழாவிற்குச் சில நாள் முன்னர் திறந்தார். 1959இல் மெர்லின் ஹோட்டல் வந்தது. 1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. பெடரல் நெடுஞ்சாலை கோலாலம்பூரையும் பெட்டாலிங் ஜெயாவையும் கிள்ளானையும் ஒரே நூலில் கோத்தது. 1973இல் ஹில்டன் ஹோட்டல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் உயர்ந்தது. அதே ஆண்டோடு, பல தலைமுறைத் தமிழரை நாகப்பட்டினத்திலிருந்து ஏற்றி வந்த ‘ரஜூலா’ கப்பலின் பயணமும் முடிவுக்கு வந்தது. வருவோர் கடலை விட்டு வானில் வந்தனர். இரயிலை விட்டுக் காரில் வந்தனர். நிலையத்தை நம்பி நின்ற இரண்டு விடுதிகளும் வழி தவறியவைபோல் நின்றன.

இவ்விடத்தில் இரண்டின் விதியும் பிரிகின்றது.

மெஜஸ்டிக் 1983ஆம் ஆண்டின் இறுதியில் விடுதித் தொழிலை நிறுத்தியது. அக்கட்டடம் இடிபடாமல் அடுத்த ஆண்டே தேசிய ஓவியக் கூடமாயிற்று. 1958இல் ஜாலான் அம்பாங்கில் தொடங்கப்பட்ட அக்கூடம், 1984 முதல் 1998 வரை பழைய மெஜஸ்டிக்கில் இயங்கியது. ஒரு காலத்தில் செல்வர் படுத்துறங்கிய அறைகளின் சுவர்களில் நாட்டு ஓவியர்களின் படைப்புகள் தொங்கின. பள்ளி மாணவர் வரிசையாக உள்ளே சென்றனர். உடையைப் பார்த்தோ, தோலைப் பார்த்தோ, பையைப் பார்த்தோ அவர்களை வாயிலில் நிறுத்துவார் யாருமில்லை. அக்கட்டடத்தின் வாழ்நாளில் அதன் கதவு மிக அகலமாகத் திறந்திருந்த காலம் அந்தப் பதினான்கு ஆண்டுகளே எனலாம்.

ஓவியக் கூடம் ஜாலான் தெமர்லோவுக்குப் பெயர்ந்தபின், சில ஆண்டுகள் கழித்து மெஜஸ்டிக் மீண்டும் விடுதியாயிற்று. ஒய்.டி.எல். நிறுவனம் பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, அதனருகே உயரமான புதுக் கட்டடத்தையும் சேர்த்து, முந்நூறு அறைகள் கொண்ட விடுதியாக 2012ஆம் ஆண்டின் இறுதியில் திறந்தது. தூண்கள் வெண்மை பெற்றன; பழைய காலத்து உணவும் தேநீரும் மீண்டும் மேசைக்கு வந்தன. கட்டடம் காக்கப்பட்டது, அதற்காக மகிழ்தல் வேண்டும். ஆனால் அங்கே இப்போது விலை பேசப்படுவது ஓர் அறை மட்டுமன்று. கடந்த காலமும் விலைக்குக் கிடைக்கிறது. அந்தக் கடந்த காலத்தில் பெட்டி தூக்கியவனின் பேரன், தன் ஊதியத்தை எண்ணிப் பார்த்தே அங்கு ஒரு கோப்பைத் தேநீர் அருந்த வேண்டும்.

எதிரேயிருந்த ஸ்டேஷன் ஹோட்டலின் கதை வேறு. 1986இல் நிலையம் புதுப்பிக்கப்பட்டது. விடுதியும் பின்னர் ஹெரிடேஜ் ஸ்டேஷன் ஹோட்டல் என்னும் பெயரில் நடந்தது. 1995இல் புறநகர் மின்வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆனால் 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் நெடுந்தொலைவு வண்டிகள் யாவும் கே.எல். சென்ட்ரலுக்கு மாறின. பட்டர்வொர்த்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கிய கூட்டம் அதன்பின் அங்கே இறங்கவில்லை. பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த விடுதி 2011இல் மூடப்பட்டது. புறநகர் வண்டிகள் இன்றும் நின்று செல்கின்றன. மேலேயுள்ள அறைகளில்தான் விருந்தினர் இல்லை.

அதே 2011ஆம் ஆண்டில் இலண்டனில் நேர்மாறாக ஒன்று நடந்தது. செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்தின் முகப்பாக 1873இல் திறக்கப்பட்ட மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் 1935இல் மூடப்பட்டு, அலுவலகமாகி, இடிபடும் நிலைக்கு வந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலியோர் அந்நிலையத்திற்காகக் குரல் கொடுத்தனர். 1967இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் 2011இல் அது மீண்டும் விடுதியாகத் திறந்தது. ஐரோப்பா செல்லும் அதிவேக வண்டிகள் அந்நிலையத்திற்கே வந்ததுதான் அதன் மறுபிறப்புக்குப் பெருங்காரணம். கோலாலம்பூரில் வழி விலகியது. இலண்டனில் வழி திரும்பி வந்தது. கட்டடக் கலையின் சிறப்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல.

வழி விலகிச் சென்ற இடம் எது? அதே பிரிக்பீல்ட்ஸ்தான். இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய மைதானத்தின் எழுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. 2004இல் ஹில்டன் ஹோட்டல் அங்கே குடிபுகுந்தது. விமானத்தையும் காரையும் தேடி இரயிலை விட்டுப் போன விடுதிகள், அரை நூற்றாண்டு முடிவதற்குள் இரயிலைத் தேடித் திரும்பின. தமிழ்த் தொழிலாளர் எண்ணெய்க் கறையோடு நின்ற மண்ணில் இன்று பளிங்குத் தளம் மின்னுகிறது. ‘நூறு வீடுகள்’ இடிக்கப்பட்டுவிட்டன. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் துன் சம்பந்தன் சாலை வட்டாரம் ‘லிட்டில் இந்தியா’ எனத் திறந்துவைக்கப்பட்டது. வளைவுகளும் வண்ணத் தூண்களும் வந்தன. அங்கே வாழ்ந்த தொழிலாளக் குடும்பங்களுள் பல அதற்கு முன்பே வேறிடம் போயின. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் பூக்கடைகளுமே பழைய உறவைத் தொடர்ந்து பேணிவருகின்றன.

தமிழகத் தலைநகரிலும் இதற்கொரு துணைக்கதை உண்டு. சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம், காரில் அமர்ந்தபடியே தோசையும் காப்பியும் உண்ணும் புதுமையைக் காட்டியது. மரநிழலில் ஒரு குவளைக் காப்பியோடு மணிக்கணக்கில் பேசியிருந்த மாணவரும் எழுத்தாளரும் விற்பனைப் பிரதிநிதிகளும் பலர். 2008இல் அது மூடப்பட்டது. 2010இல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. காப்பியின் மணம் போயிற்று. மரங்களின் நிழல் ஊர்மக்களுக்கு எஞ்சியது. இழப்புத்தான் என்றாலும், அது முழு இழப்பன்று.

இக்கதைகளை அடுக்கிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பழைய விடுதி ஒன்றின் கதியைப் பேசுவோர், கட்டடம் நின்றதா விழுந்ததா என்று மட்டுமே கேட்கின்றனர். அது பாதிக் கேள்வி. அதன் கதவு யாருக்குத் திறந்தது என்பதே மறுபாதி. மெஜஸ்டிக் ஒருமுறை சிலருக்குத் திறந்தது, பின்னர் பலருக்குத் திறந்தது, மீண்டும் சிலருக்குத் திறந்தது. ஸ்டேஷன் ஹோட்டல் சிலருக்குத் திறந்து, காலப்போக்கில் நடுத்தர மக்களுக்கும் திறந்து, இன்று எவர்க்கும் திறவாமல் நிற்கிறது. ‘நூறு வீடுக’ளுக்கோ கதவே இல்லை. துரைமார் தங்கிய இடம் மரபுச் சின்னமாகிறது. உழைப்பாளி குடியிருந்த இடம் காலிமனையாகிறது. எது மரபு எனத் தீர்ப்பளிக்கும் அளவுகோல் இன்னும் பழைய துரையின் கையில் இருந்து நழுவவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வழியை மறுபடி திருப்பிவிட எவராலும் இயலாது. நெடுந்தொலைவு வண்டிகள் பழைய மேடைக்கு வரப்போவதில்லை. ஆயினும் பயன் மாறினால் கட்டடம் வாழும் என்பதைச் சாலைக்கு எதிரே நிற்கும் மெஜஸ்டிக்கே காட்டியிருக்கிறது. ஸ்டேஷன் ஹோட்டலின் மேல்மாடங்கள் எளிய கட்டணத்தில் இளைஞர் தங்கும் அறைகளாகலாம். தண்டவாளம் பதித்தவரின் வாழ்வைச் சொல்லும் காட்சிக் கூடமாகலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் கிள்ளானிலிருந்து மின்வண்டியில் வந்து இறங்கி, தன் பாட்டன் மூட்டையோடு ஏறாத அந்தப் படிகளில் ஏறி, பாட்டனின் கைவேலை எதுவென்று அங்கே படித்தறியும் நாள் வருமாயின், நூறாண்டு கடந்த அக்கட்டடம் முதன்முறையாகச் சத்திரம் என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.

அந்நாள் வரும்வரை செய்யத்தக்க செயல் ஒன்று ஆசிரியர் கையிலும் பெற்றோர் கையிலும் இருக்கிறது. பிள்ளைகளை அச்சாலைக்கு அழைத்துச் சென்று, நடுவே நிறுத்தி, இருபுறமும் பார்க்கச் சொல்லலாம். மாடங்களின் அழகைக் காட்டும்போதே, அவற்றின் கீழே நின்றவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பார்க்கக் கட்டணமில்லை, சொல்ல அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.